உறை போட்ட வண்டி

அத்தியாயம் 9

காந்திநகரின் அந்தத் தெருவில் போன வாரம் முழுக்கச் சுற்றி வந்தது ஒரே சொல்தான். ஆட்டோ.

ஞானசுந்தரியைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பிய பிறகுதான் மகன் ரெனால்ட் ஷார்ஜாவிலிருந்து வந்து சேர்ந்தான். அவன் பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருந்தது, முதலாளி ஊரில் இல்லை. இங்கே ஐஸ் பெட்டியில் எத்தனை நேரம்தான் வைத்திருப்பார்கள்? பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வந்தவன் கையில் காபித் தம்ளரைக் கொடுத்தாள் எதிர்வீட்டு அமலோற்பவம். கொடுத்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். "பாவம்ப்பா உங்கம்மா, ஆட்டோலயே உயிரு போய்டுச்சு. கார் வீட்ல தான் நின்னுச்சு" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. துக்க வீட்டில் சில பேருக்கு வாய் நிற்காது, அவ்வளவுதான். அவள் சொல்லிவிட்டுத் தம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கேட்டவன் அன்றிலிருந்து அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நடுவில் வந்து சேர்ந்த வாசகர்களுக்காக அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது ஒரு மாட்டிஸ். மஞ்சள் நிறம். டேவூ என்ற கொரியாக் கம்பெனியின் சின்னக் கார். வேலூரில் அதை விற்ற ஷோரூமில் ரெனால்ட் சேல்ஸ்மேன். அந்தக் கம்பெனி முதலில் துணி ஏற்றுமதியில்தான் ஆரம்பித்தது, அப்புறம் கப்பல், டி.வி., கார் என்று வளர்ந்தது. ரெனால்டுக்கு அது போதாதா? ஆம்பூரில் தோல் வியாபாரிகளின் வீட்டு ஹாலில் போய் உட்கார்ந்து, அவங்களும் உங்களை மாதிரி எக்ஸ்போர்ட்ல வந்தவங்கதான் என்று ஆரம்பிப்பான். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும். மீதியை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை விட்டதும் சர்ச் வாசலில் முடிப்பான்.

இருங்காட்டுக்கோட்டையில் இன்னொரு கொரியாக் கம்பெனி தொழிற்சாலை கட்டி சான்ட்ரோ விட்டுக்கொண்டிருந்த காலம் அது. சான்ட்ரோ வாங்க நினைத்தவர்களைக்கூட இவன் பேசிப் பேசியே இந்தப் பக்கம் திருப்பினான். அம்மாவுக்கும் ஊழியர் சலுகையில் ஒன்று வாங்கிக் கொடுத்தான். வாழ்நாள் முழுக்க நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஞானசுந்தரி, அந்த வயதில் காட்பாடி ரோட்டில் கார் ஓட்டப் பழகினாள்.

பிறகு கொரியாவில் டேவூ கடனில் மூழ்கியது. அங்கேயிருந்த கார் தொழிற்சாலைகளை அமெரிக்கக் கம்பெனி ஒன்று வாங்கிக்கொண்டது, டெல்லிப் பக்கம் இருந்த நம் நாட்டுத் தொழிற்சாலையை வேண்டாம் என்று விட்டுவிட்டது. வேலூர் ஷோரூமின் ஷட்டர் இறங்கியது. வண்டியைக் குறை சொல்லி யாரும் பேசி நான் கேட்டதில்லை. வண்டி தங்கமான வண்டி, கேக்கத்தான் நாதியில்லாமப் போச்சு என்பார்கள். ஒரு சின்னக் கண்ணாடி உடைந்தால்கூடச் சென்னை, பெங்களூர் என்று அலைய வேண்டியிருந்தது. விற்றவன் என்ற முறையில் எல்லோரும் ரெனால்டைத்தான் பிடித்தார்கள். சர்ச்சுக்குக்கூடப் போக முடியவில்லை. ஒரு நாள் விசா கிடைத்தது, போய்விட்டான்.

போனவன் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்வான். அம்மா, உன் வண்டி எப்படி இருக்கு என்று கேட்பான். நேத்துதான் துடைச்சேன், ஜம்முனு நிக்குது என்பாள் ஞானசுந்தரி.

இனி இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

அடக்கத்துக்குப் பிறகு வரும் முதல் ஞாயிறு, துக்கப்பட்ட குடும்பம் மொத்தமாகச் சர்ச்சுக்குப் போக வேண்டும். வெள்ளை உடுத்தி முன்வரிசையில் உட்கார வேண்டும். ஆயர் பெயர் சொல்லி ஜெபிப்பார். சபை மொத்தமும் அந்தக் குடும்பத்தைப் பார்க்கும்.

அப்பா ஞானமுத்து விடிந்ததிலிருந்து சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர் அதிகம் பேச வேண்டிய அவசியமே இருந்ததில்லை, பேச்செல்லாம் ஞானசுந்தரி பார்த்துக்கொண்டாள். இப்போது அவருக்காகப் பேச ஆள் இல்லை. மகள் ஜெமி சமையலறையில் இட்லியைத் தட்டில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். யாருக்கும் பசியில்லை.

ரெனால்ட் குளித்துவிட்டு வந்தான். அலமாரிக்குப் பக்கத்திலிருந்த ஆணியைப் பார்த்தான். கார் சாவி எப்போதும் அங்கேதான் தொங்கும். இன்றைக்கு ஆணி மட்டும் இருந்தது.

"அக்கா, சாவி எங்க? அம்மா வண்டியில போலாம்" என்றான். அப்பாவிடம் கேட்கவில்லை, அக்காவிடம்தான் கேட்டான்.

ஜெமி பதில் சொல்வதற்குள் ஞானமுத்து இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், ஆட்டோ சொல்லியாச்சு, ஒன்பது மணிக்கு வந்துடுவான் என்று.

"மறுபடியும் ஆட்டோவா?"

அந்த ஒரு கேள்வியில் வீடு அப்படியே நின்றுவிட்டது. ஜெமி சமையலறை வாசலுக்கு வந்தாள். வேண்டாம்டா என்று கண்ணால் சொன்னாள். அவன் பார்க்கவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்தது எல்லாம் வந்துவிட்டது.

"வண்டி வீட்ல நிக்குது. அம்மாவ ஆட்டோல ஏத்திட்டுப் போயிருக்கீங்க. பெட்ரோல் போட மனசு வரலையா? இல்ல, நான் வாங்கிக் குடுத்த வண்டின்றதால தொடக் கூடாதுன்னு வெச்சிருந்தீங்களா?"

சட்டைக் காலரின் மேல் இஸ்திரிப் பெட்டி அப்படியே இருந்தது. கருகின வாசனை வந்த பிறகுதான் ஞானமுத்து எடுத்தார். வெள்ளைக் காலரில் பழுப்பாக ஒரு தழும்பு விழுந்திருந்தது.

எனக்கு இந்த மனிதர் மேல் கோபம் வருகிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பையன் கொட்டகைப் பக்கம் போயிருக்கவே மாட்டான். ஆனால் அவர் சொல்லவில்லை. ரெனால்ட் விறுவிறுவென்று பின்பக்கம் போனான்.

தகரக் கொட்டகையில் வண்டி உறை போட்டு நின்றது. சாம்பல் நிற உறை, மேலே ஒரு பொட்டுத் தூசி இல்லை. வாராவாரம் உதறிப் போடுகிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. ரெனால்ட் உறையின் முனையைப் பிடித்து இழுத்தான். மஞ்சள் வண்டி பளபளவென்று வெளியே வந்தது.

ஒரு பக்க ஹெட்லைட் இல்லை. இடது பக்கக் கண்ணாடியும் இல்லை. எங்கேயோ இடித்திருக்கிறார்கள் என்று நினைத்தான். கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே டிரைவர் சீட்டின் மேல் பூப்போட்ட சின்ன மெத்தை. ஞானசுந்தரி குள்ளம். அந்த மெத்தை இல்லாவிட்டால் அவளுக்கு ரோடு தெரியாது. அதைத் தொட்டதும் அவனுக்கு அழுகை முட்டியது. பானெட்டைத் திறக்கும் பிடியை இழுத்தான், பேட்டரியாவது பார்க்கலாம் என்று முன்பக்கம் வந்து தூக்கினான்.

உள்ளே ஒன்றுமில்லை. இன்ஜின் இல்லை, ரேடியேட்டர் இல்லை, பேட்டரி இல்லை. வெட்டி விட்ட ஒயர்கள் ஓரமாகச் சுருட்டிக் கட்டியிருந்தன. குனிந்து பார்த்தால் கொட்டகையின் சிமெண்ட் தரை தெரிந்தது. பாத்திரமெல்லாம் எடுத்துக்கொண்டு காலி செய்த சமையலறை மாதிரி இருந்தது.

பின்னாலேயே வந்த அப்பாவை அவன் திரும்பிப் பார்த்தான்.

"வித்துட்டீங்களா?"

"விக்கல" என்றார் ஞானமுத்து. "குடுத்தோம்."

அப்புறம் அவர் மெதுவாகச் சொன்னார். வாயில் வார்த்தை வராத மனிதர், ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலில் போனது ஹெட்லைட். குடியாத்தத்தில் ரெனால்டிடம் வண்டி வாங்கிய ஒரு வாத்தியாருக்கு. அவர் சண்டைக்கு வந்தவர், போகும்போது ஞானசுந்தரி கையால் சாப்பிட்டுவிட்டுப் போனார். அடுத்து ராணிப்பேட்டை கோதண்டபாணிக்கு, வண்டியின் மூளை மாதிரி இருக்குமே அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி. அவருடையது கெட்டுப்போய் ஊரெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. அதோடு இந்த வண்டி ஓடுவது நின்றது. கடைசியாக, மழைக்காலத்தில், இன்ஜின். ஆம்பூர் ஹலீமா டீச்சர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கின தண்ணீரில் வண்டியை இறக்கிவிட்டாள். இன்ஜினுக்குள் தண்ணீர் போய் எல்லாம் வளைந்துவிட்டது. மெக்கானிக் தனகோடி இங்கே வந்து கழற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போனான். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சென்னைப் பழைய சாமான் கடை என்று சொல்லச் சொல்லியிருந்தாள் ஞானசுந்தரி.

"ஏன்?" என்றான் ரெனால்ட். "எவனோ வண்டிக்கு நம்ம வண்டிய ஏன் கழட்டணும்?"

"நீ சொன்னதுதான்."

"நான் எப்ப சொன்னேன்?"

ஜெமிதான் பதில் சொன்னாள். கொட்டகை வாசலில் வெள்ளைச் சேலையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லார்கிட்டயும் சொன்னியேடா. ஸ்பேர் பத்திக் கவலையே படாதீங்க, எங்கயும் கிடைக்கலன்னா எங்கம்மா வண்டியக் கழட்டி உங்க வாசல்ல வெக்கறேன்னு. அம்மா பக்கத்துலயே நிப்பாங்க, நீ அவங்க தோள் மேல கை போட்டுக்கிட்டே சொல்லுவ."

சொன்னான். ஆமாம், சொன்னான். வண்டி வாங்க வந்தவர்கள் தயங்கும்போதெல்லாம் அதைத்தான் சொன்னான். சேல்ஸ்மேன்கள் ஆயிரம் சொல்வார்கள், எல்லாவற்றையுமா நினைவில் வைத்திருப்பார்கள்? கேட்டவர்கள் சிரித்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், மறந்தார்கள். அவனும் மறந்தான். பெற்றவள் மறக்கவில்லை. பையன் வாக்குக் கொடுத்துவிட்டு அங்கே இருக்கிறான், நாம் இங்கேதானே இருக்கிறோம் என்று கணவனிடம் சொன்னாளாம். அவன் திரும்பி வந்தால் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா என்றாளாம். ஷார்ஜாவுக்குப் போனில் சொல்லவும் விடவில்லை. கேட்டால் அங்கே சோறு இறங்காது என்றாளாம்.

ரெனால்ட் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு விடியற்காலை நடந்தது அவனுக்கு இப்போதுதான் முழுசாகத் தெரிய வந்தது. அம்மாவுக்கு நெஞ்சு வலி. அப்பா செருப்புகூடப் போடாமல் சித்தூர் பஸ் ஸ்டாப் ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் ஓடியிருக்கிறார். ஒரு டிரைவரும் இல்லை. மெயின் ரோட்டில் நின்று கை காட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். பாலாற்றுப் பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, ஜெமியின் மடியில், எல்லாம் முடிந்துவிட்டது.

"அக்கா, நீ நர்ஸ். உனக்குத் தெரியும். உண்மையச் சொல்லு. இந்த வண்டி ஓடியிருந்தா அம்மா பொழைச்சிருப்பாங்களா?"

"இல்லடா. அப்பவும் இதேதான்" என்றாள் ஜெமி.

உடனே சொன்னாள். கேட்டு முடிப்பதற்குள் சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சொன்னது நிஜமா, தம்பிக்காகச் சொன்னதா என்று எனக்கும் தெரியவில்லை. ஞானமுத்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இதே கேள்வியை அவரும் அவளிடம் கேட்டிருக்கிறார், இதே பதில்தான் கிடைத்திருக்கிறது.

"அப்பா" என்றான் ரெனால்ட். இத்தனை நாள் கழித்து அவன் அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஞானமுத்து அவன் முதுகில் கையை வைத்தார். இரண்டு பேரும் அழுதார்கள். அழட்டும், நாம் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம்.

அப்போதுதான் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது.

ஆட்டோ ஹாரன் இல்லை. ஜெமி எட்டிப் பார்த்தாள், பதறிப்போனாள். ஹலீமா டீச்சர் வந்திருக்காங்க என்றாள்.

ஞானமுத்து செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? கீழே கிடந்த உறையை எடுத்தார். பானெட்டை மூடி, அவசர அவசரமாக வண்டியின் மேல் போர்த்தினார். ஒரு முனையை ரெனால்ட் பிடித்து இழுத்துவிட்டான். அவங்களுக்குத் தெரியக் கூடாது என்று அப்பா சொன்னதற்கு அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

வாசலில் ஒரு வெள்ளை மாட்டிஸ். அதற்குப் பின்னால் ஒன்பது மணி ஆட்டோ. கறுப்பு புர்காவில் ஹலீமா பீ இறங்கி ஆட்டோக்காரனிடம் பேசி அவனைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். வாணியம்பாடியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவள் வீட்டுத் தெருவில் முதன்முதலாகக் கார் ஓட்டிய பெண்பிள்ளை அவள்தான். ஓட்டச் சொல்லித் தைரியம் கொடுத்தவள் ஞானசுந்தரி. டெலிவரி எடுத்த அன்றைக்கு ஷோரூமில் பார்த்துப் பழகி, அப்புறம் அக்கா தங்கையாகவே ஆகிவிட்டார்கள்.

கணவர் நிசார் அஹமது தோல் விஷயமாகக் கல்கத்தா போயிருக்கிறார், அடக்கத்தன்று தன்னால் நேரத்துக்கு வர முடியவில்லை என்று சொல்லி ஜெமியைக் கட்டிக்கொண்டு அழுதாள். உங்க சர்ச்சுக்கு இன்னிக்கு எல்லாரும் சேர்ந்து போவீங்கன்னு அக்கா ஒரு தடவை சொல்லியிருக்காங்க, அதான் விடிஞ்சதும் கிளம்பிட்டேன் என்றாள். நான் கொண்டுபோய் விடறேன், வாசல்ல வெயிட் பண்றேன், ஏறுங்க என்றாள். மறுக்க வழியில்லை.

ஞானமுத்து முன்னால் உட்கார்ந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் பின்னால். ஹலீமா பீ சாவியைத் திருப்பினாள்.

ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தம் ரெனால்டுக்குத் தெரியும். ஷோரூமிலிருந்து அம்மா வண்டியை முதன்முதலில் வெளியே எடுத்தவன் அவன்தானே. ஜெமி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தெரு முனை திரும்பினார்கள். எல்லோரும் பேசாமல் வருவது ஹலீமா பீக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். அவளே பேசினாள். தண்ணீரில் இறக்கியதும் நிசார் அஹமது, இதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு சான்ட்ரோ வாங்கிக்கலாம், பேஜார் ஜாஸ்தி என்று சொன்னாராம். இவள்தான் விடவில்லையாம். அண்ணா மட்டும் சென்னையில தேடி அந்த இன்ஜினைக் கொண்டுவரலன்னா நான் இன்னிக்கு பஸ்ஸுலதான் நின்னுக்கிட்டுப் போவேன் என்றாள். ஞானமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காலரின் பழுப்புத் தழும்பு பின்னாலிருந்து நன்றாகத் தெரிந்தது.

பாலம் வந்தது. இரண்டு பக்கமும் வறண்ட மணல். ஹலீமா பீ கண்ணாடியில் ரெனால்டைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"ரெனால்ட், அன்னிக்கு நீ இன்னா சொன்னே, ஞாபகம் இருக்கா? ஒண்ணும் கிடைக்கலன்னா அம்மா வண்டியக் கழட்டித் தரேன்னியே. நானும் அவரும் வீட்டுக்குப் போற வரைக்கும் சிரிச்சோம். அக்கா மட்டும் சிரிக்கல. என் கையப் புடிச்சுக்கிட்டு, பையன் சொல்லிட்டான்ல, நான் இருக்கேன் ஹலீமான்னாங்க."

"ஆன்ட்டி" என்றான் ரெனால்ட். "வண்டிய கொஞ்சம் நிறுத்துங்க."

அவள் காலை பிரேக்குக்குக் கொண்டுபோனாள். வண்டி மெதுவானது. பாலத்தின் நடுப்பகுதி அது. ஜெமி வாயைப் பொத்திக்கொண்டாள், அந்த இடத்தை அவளுக்குத் தெரியும்.

"நிறுத்தாதீங்க டீச்சர்" என்றார் ஞானமுத்து. "பாலம் தாண்டட்டும்."

அவர் குரலில் என்ன இருந்ததோ, ஹலீமா பீ ஒன்றும் கேட்காமல் ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள். வண்டி சீராகப் போனது. ஞானமுத்து எதிரே வரும் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, ஜெபம் செய்தாரா, பெண்டாட்டியோடு பேசினாரா, தெரியாது. பாலம் முடிந்தது. அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினார்.

ஹலீமா பீ இடது ஓரமாக ஒதுக்கி நிறுத்தினாள். பக்கத்திலிருந்தவரைப் பார்த்தாள், பின்னால் திரும்பி மற்ற இரண்டு பேரையும் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. கணக்கு வாத்தியார் அல்லவா, எதையோ கூட்டிப் பார்க்கிற முகம்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. அக்கா வண்டி கொட்டகையில உறை போட்டு நிக்குது. அதை விட்டுட்டு இன்னிக்கு ஏன் ஆட்டோ சொன்னீங்க?"

தூரத்தில் சர்ச் மணி இரண்டாம் தடவையாக அடித்தது. ஞானசுந்தரியின் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.